மண்ணின் நலமும் நம் கடமையும்

(காரைக்காலில் கூடிய நம் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட விஷயம், நிலத்தின் வளமும் அதனைக் காக்கச் சர்க்கார் செய்யும் உதவியுமாகும். கல்வி, உத்தியோகம், விவாகம் முதலியன பேசும் இம்மன்றத்தில் எருவையும் உப்பையும் பற்றிப் பேசுதல் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், நம் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் எந்த நெல் விற்ற பணம் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு அவ்வியப்பு நீங்கும்.

நம் ஊர் காவிரியின் கடைமடை. அரசலாறும், நாட்டாறும், திருமலைராயன் ஆறும் நம் வயல்களைத் தொட்ட பின் கடலையே காண்கின்றன. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் புதுச்சேரிப் பிரதேசத்திற்கு, அதாவது நம் காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. என்பதே உறுதியாயிற்று. நன்னீர் பிந்தி வருகின்றது. உவர்நீர் முந்தி நிற்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலே வயலுக்குள் புகுந்ததை நாம் மறந்துவிடவில்லை. இத்தகைய நிலத்தை உடையவர், மண்ணின் விஷயத்தில் மற்றையோரினும் இரு மடங்கு விழிப்பாக இருத்தல் வேண்டுமன்றோ?

நம் பாட்டனார் காலத்தில் கோடையில் ஆட்டுக்கிடை மறித்தனர். கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுதனர். ஆற்று வண்டலும் கிடைத்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கலாயிற்று. 1960ஆம் ஆண்டையொட்டி அண்டைத் தஞ்சையில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கி, பின்னர் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது, இரசாயன உரமும் உடன் பரவிற்று. அம்மாற்றத்தை யாம் பழிக்க வரவில்லை. அது பசியைப் போக்கியது. ஆனால், புதியதைக் கைக்கொண்ட நாம் பழையதைக் கைவிட்டோம் என்பதே எம் வருத்தம்.

இனிச் சர்க்காரின் உதவியைப் பார்ப்போம். அவ்வுதவி இரண்டு முகம் உடையது. ஒன்று விலை, மற்றொன்று அறிவு.

விலையைப் பற்றியது யூரியா. 2018இல் 45 கிலோ மூட்டைக்கு, வேம்புப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய் என்று விலை வரையறுக்கப்பட்டது. மிகுதிச் செலவைச் சர்க்காரே தாங்குகின்றது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கோ 2010 ஏப்ரல் முதல் சத்தின் அளவைக்கொண்டு மானியம் தரும் முறை ஏற்பட்டது. அவற்றின் விலை உயர்ந்தது. இதனால் விளைந்தது யாது? மலிந்ததை அள்ளி வீசினோம், விலையுயர்ந்ததைக் குறைத்தோம். 2022-23ஆம் ஆண்டில் தேச முழுமைக்கும் உர மானியம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி ரூபாய் ஆயிற்று. மானியத்தில் மிச்சம் செய்யும் மாநிலங்களுக்கு அம்மிச்சத்தில் பாதியை அளிப்பதென 2023இல் ஒரு திட்டத்தையும் மத்திய சர்க்கார் ஏற்றது.

அறிவைப் பற்றியது மண்வள அட்டை. 2015 பிப்ரவரி 19ஆம் நாள் இராஜஸ்தானத்துச் சூரத்கட் நகரில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. நிலத்தின் கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய 12 விவரங்களையும், இடவேண்டிய உரத்தையும் அவ்வட்டை கூறும். வைத்தியர் நாடி பார்த்து எழுதிய சீட்டு அது.

அச்சீட்டை நாம் என்ன செய்தோம்? பிறரைச் சொல்வானேன், எம் பிழையையே சொல்லுகின்றோம். எமக்கு வந்த அட்டையை வரிரசீதுகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அவ்வாண்டுத் தாளடியில் நடவான மூன்றாம் வாரம் பயிர் வெளிறி, இலைகளில் துருநிறப் புள்ளிகள் கண்டன. பசுமை குறைந்தது என்று கருதி யூரியா இட்டோம். போதாதென்று மீண்டும் இட்டோம். பயிர் சிலநாள் கறுத்துச் செழித்தது. பின்பு இலைச்சுருட்டுப் புழு வந்தது, புகையான் வந்தது, மழையில் பயிர் சாய்ந்தது. அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கப் பெட்டியைத் திறந்தபோது, அட்டையில் 'துத்தநாகம் குறைவு' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்கு, யாம் ஒரு போகத்தையே விலையாகக் கொடுத்தோம்.

வயல் வரப்பைக் கருதுங்கள். மூன்று பக்கம் முழங்காலளவு உயர்த்தி, ஒரு பக்கம் சாண் அளவே விட்டால், வயலில் நீர் சாண் அளவே நிற்கும். சத்துக்களும் அவ்வாறே. எது குறைவோ அதுவே விளைவை அளக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இரசாயன சாஸ்திரி லீபிக் இவ்வுண்மையையே உலகறியப் பரப்பினார். தாழ்ந்த வரப்பு துத்தநாகமாயிருக்க, யூரியா என்னும் வரப்பை மேலும் உயர்த்துவதால் பயன் என்ன?

கணக்கிலும் தவறுகின்றோம். டி.ஏ.பி. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் உண்டு. யூரியா 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து உண்டு. டி.ஏ.பி.யில் வந்த 9 கிலோவைக் கழித்துக்கொண்டு யூரியா இடுவோர் நம்மில் எத்தனை பேர்?

அட்டையிலும் ஒரு குறை உண்டு, அதனையும் மறைத்தலாகாது. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதே திட்டத்தில் வகுத்த முறை. அஃது ஏறக்குறைய ஒரு வேலி. நம் கடைமடையிலோ ஒரு வேலிக்குள்ளேயே மேடும் பள்ளமும், நல்ல மண்ணும் உவர் மண்ணும் உள்ளன. ஆதலின், அவரவர் வயலில் அவரவரே மாதிரி எடுத்துக் கொடுத்தல் நலம். உளுந்தும் பயறும் எடுத்த பின், ஜூன் 12ஆம் நாளையொட்டி மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்க்கும் முன், அதற்கு ஏற்ற காலம். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை நீக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்தைப்போல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த ஆழம் வெட்டி, அக்குழியின் பக்கத்து மண்ணைச் சீவி எடுங்கள். கலந்து, நான்காகப் பகிர்ந்து, எதிரெதிர்ப் பங்கை நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடுங்கள். உழவர் உதவியகத்திலும், மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம். 1987 முதல் நம் ஊரிலேயே வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றது. நாம் கேளாமல், அவர்கள் சொல்லவில்லை என்று குறை கூறுதல் தகாது.

உப்பைப் பற்றி ஒரு சொல். உவர் வேறு, களர் வேறு. களர் நிலத்திற்கே ஜிப்சம் மருந்து. உவர் நிலத்திற்கு நன்னீர் தேக்கி வடிப்பதும், வடிகால் திருத்துவதும், பசுந்தாள் உரம் மடக்கி உழுவதுமே வழி. பரிசோதியாமல் உவருக்கு ஜிப்சம் இட்டால் பணம் கரையும், உப்புக் கரையாது.

இறுதியாக, நம்மில் நிலம் உடையவர்க்கு ஒரு விண்ணப்பம். நம்மவர் பலர் சென்னையிலும், புதுச்சேரியிலும், பிரான்சு தேசத்திலும் வசிக்கின்றனர். நிலம் குத்தகையில் இருக்கின்றது. அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமோ என்று அஞ்சும் குத்தகைதாரர், பத்தாண்டு கழித்துப் பயன்தரும் எருவை எவ்வாறு இடுவார்? யூரியாதான் இடுவார். அக்குற்றம் அவருடையதன்று, நம்முடையது. நெல்லில் பங்கு கேட்கும் நாம், மண்ணைக் காக்கும் செலவிலும் பங்கு ஏற்றல் நியாயம்.

ஆகவே மூன்று தீர்மானங்களை இம்மன்றத்தின் முன் வைக்கின்றோம். முதலாவது, வரும் கோடையில் சங்கத்தைச் சார்ந்த ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்து மண்ணைப் பரிசோதித்தல். இரண்டாவது, குறுவைக்கு முன் ஒருநாள் கூடி, படித்த நம் பிள்ளைகளைக்கொண்டு அட்டைகளை உரக்க வாசித்துப் பொருள் அறிதல். இதில் குத்தகைதாரர் எச்சமூகத்தாராயினும் உடன் இருத்தல் வேண்டும். மூன்றாவது, தக்கைப்பூண்டு விதைச் செலவில் பாதியை நிலமுடையார் ஏற்று, குறைந்தது மூன்றாண்டுக்குக் குத்தகையை உறுதி செய்தல். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நிலம் உடைய நம்மவர் தமிழ்நாட்டுத் துறையாரை நாடுக; அச்சர்க்கார் பசுந்தாள் உர விதை வழங்கும் திட்டத்தை 2024இல் அறிவித்தது.

சர்க்கார் விலையைக் குறைக்கலாம், அட்டையும் தரலாம். பெட்டியைத் திறந்து அதனைப் படிக்கவேண்டியவர் நாமே. நம் முன்னோர் தந்த மண்ணை, அவர்கள் தந்தபடியேனும் நம் மக்களுக்குக் கொடுப்போமாக.