நகராத ஃபைலும் ஒரு தண்டனைதான்

(சனிக்கிழமை ஐடி விங் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டதால் பக்கத்தில் போடுகிறோம். கொஞ்சம் நீளம். முழுசா படிச்சுட்டு கமெண்ட்ல சண்டை போடுங்க.)



தூக்குத் தண்டனை வேணுமா வேண்டாமான்னு ஒரு போஸ்ட் போட்டா போதும், அரை மணி நேரத்துல டைம்லைன் ரெண்டா பிரிஞ்சிடும். "உன் வீட்ல நடந்தா தெரியும்"னு ஒருத்தர் வருவார். அந்தக் கோபத்தை நான் கேலி பண்ண மாட்டேன். அது நியாயமான கோபம். இன்னைக்கு பேசப் போறது அந்தச் சண்டையில யாரும் கவனிக்காத ஒரு இடத்தைப் பத்தி: தீர்ப்புக்கும் தூக்குமேடைக்கும் நடுவுல ஒரு மனுஷன் காத்துக்கிடக்கிற வருஷங்கள்.

பேரறிவாளன் வழக்கு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா தேதிகளை வரிசையா வெச்சு எத்தனை பேர் பார்த்திருக்கீங்க?

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு, பாதுகாப்புப் பணியில் இருந்த காவலர்கள் உட்பட பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் குடும்பங்களோட இழப்பைக் கொச்சைப்படுத்துற கமெண்ட் எதுவும் இந்தப் பக்கத்துல நிக்காது, இப்பவே சொல்லிடுறேன்.

ஜூன் 11 அன்று பேரறிவாளன் கைது. வயசு 19. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்ச பையன். விசாரிச்சுட்டு மறுநாள் அனுப்பிடுறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்கன்னு அற்புதம்மாள் எத்தனையோ மேடையில சொல்லியிருக்காங்க. அவர் மேல இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. இங்க இ.சி.இ படிச்சவங்க எத்தனை பேர்? லேப்ல, புராஜெக்ட்ல நாம எல்லாரும் வாங்கின அதே பேட்டரிதான்.

1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 26 பேருக்கும். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. மேல்முறையீட்டுக்கு நேரம் கொடுக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அதனால கோர்ட்டுக்கு ஆகுற காலத்தை நான் குறை சொல்லலை. அது தேவையான காலம்.

நான் கேக்குறது அதுக்கப்புறம் வர்ற காலத்தை. நளினியின் தண்டனை 2000ல் மாநில அமைச்சரவைப் பரிந்துரையில் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூன்று பேரின் கருணை மனு அதே 2000ல் குடியரசுத் தலைவருக்குப் போனது. நிராகரிக்கப்பட்டது 2011 ஆகஸ்டில். 11 ஆண்டுகளுக்கு மேல்! கே.ஆர். நாராயணன், அப்துல் கலாம், பிரதிபா பாட்டீல்னு மூணு குடியரசுத் தலைவர்கள். டெல்லியில ஆட்சியே மாறுச்சு. இந்த 11 வருஷத்துல சாட்சி விசாரணை இல்லை, வாதம் இல்லை, வாய்தாவும் இல்லை. கைதி கேஸை இழுத்தடிச்சார்னு சொல்லவும் வழியில்லை, ஏன்னா அவர் கையில எதுவுமே இல்லை. ஒரு ஃபைல் ஒரு மேசையில இருந்துச்சு, அவ்வளவுதான்.

வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், டிக்கெட் ஓப்பன்ல கிடந்தா ரெண்டாவது நாளே மேனேஜர் மெயில் போடுவார். இங்க ஒரு உயிர் பெண்டிங்ல கிடந்துச்சு. ஏன் லேட்னு கேட்க ஒருத்தர் இல்லை.

2011 செப்டம்பர் 9 தூக்குன்னு தேதியும் குறிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட் 28ல் காஞ்சிபுரத்தில் செங்கொடி தன்னையே எரித்துக்கொண்டார். ஆகஸ்ட் 30ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது, அதே நாள் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அந்தத் தடை மட்டும் இருக்க, தூக்கு ரத்தாகாத நிலையில, 2012ல் அவர் ஜெயிலுக்குள்ள பிளஸ் டூ பரீட்சை எழுதினார். 1200க்கு 1096. நாளைக்கு உயிரோட இருப்போமான்னு தெரியாத ஒருத்தர் எடுத்த மார்க் அது.

2014 பிப்ரவரி 18ல் தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. அந்த வழக்கில், இவர்கள் பெரிய மனவேதனை எதுவும் அனுபவிக்கவில்லை என்று மத்திய அரசு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான், தாமதத்தைக் காரணமாகக் காட்டி 15 பேரின் தூக்கை உச்ச நீதிமன்றம் குறைத்திருந்தது. பாலாறு குண்டுவெடிப்பு வழக்கில் 9 வருஷம் பதிலுக்காகக் காத்திருந்த நான்கு பேரும் அதில் உண்டு. அவங்களுக்கு தடா கோர்ட் கொடுத்தது ஆயுள்தான், 2004ல் அதைத் தூக்காக உயர்த்தியது உச்ச நீதிமன்றம்.

இந்தச் சிந்தனை தொடங்கினது நம்ம ஊர் வழக்குல. 1983, வைத்தீஸ்வரன் எதிர் தமிழ்நாடு அரசு. தூக்கு விதிச்சு எட்டு வருஷமா தனிக் கொட்டடியில வெச்சிருந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல தாமதமானா தூக்கைக் குறைக்கலாம்னு நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு சொன்னது. அடுத்த மாசமே இன்னொரு அமர்வு, ரெண்டு வருஷம்னு கறாரா வரையறுக்க முடியாதுன்னுடுச்சு. கடைசியா 1989ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அளவுக்கு மீறிய தாமதம் தண்டனையைக் குறைக்கக் காரணம்தான், ஆனா இத்தனை வருஷம்னு எண் வைக்க மாட்டோம்னு முடிச்சாங்க. எது அளவு, எது மீறல்? ஒவ்வொரு கைதியும் கோர்ட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சுக்கணும்.

இப்ப ஒரு தோழர் கேட்டார்: "தாமதம்தான் பிரச்சினைன்னா சீக்கிரம் போட்டுடலாமே?" நல்ல கேள்வி. சீக்கிரமா போட்டதும் நடந்திருக்கு. 2013 பிப்ரவரி 9ல் அஃப்சல் குருவைத் தூக்கில் போட்டாங்க. குடும்பத்துக்குத் தகவல் ஸ்பீட் போஸ்ட்ல போச்சு. கடிதம் வந்து சேர்ந்தப்போ அடக்கமே முடிஞ்சு ரெண்டு நாள்.

பேரறிவாளன் கேஸையே எடுத்துக்கோங்க. தடா சட்டத்துல எஸ்.பி. ரேங்க் அதிகாரியிடம் கொடுக்கிற வாக்குமூலமே சாட்சியம். அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013ல் வெளியே சொன்னார்: பேட்டரி எதுக்குன்னு தெரியாதுன்னு அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதலைன்னு. ஃபைல் வேகமா நகர்ந்து 2001லயே தூக்குல போட்டிருந்தா, இந்த உண்மை யாருக்குப் பயன்பட்டிருக்கும்? இழுத்தா சித்திரவதை, அவசரப்பட்டா திருத்தவே முடியாது. இந்தத் தண்டனையை எந்த ஸ்பீடுல ஓட்டினாலும் பக் வருது. கோளாறு ஸ்பீடுல இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

தூக்கு ரத்தான பிறகும் காத்திருப்பு முடியலை. 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்துட்டு, குடியரசுத் தலைவர்தான் முடிவெடுக்கணும்னுட்டார். மறுபடி டெல்லி, மறுபடி ஃபைல். 2022 மே 18ல் உச்ச நீதிமன்றமே 142வது பிரிவைப் பயன்படுத்தி விடுதலை செய்தது. உள்ளே போனப்போ 19, வெளியே வந்தப்போ 50. சாந்தனுக்கு அதுவும் வாய்க்கலை. 2022 நவம்பரில் விடுதலைன்னு தீர்ப்பு வந்தும் திருச்சி சிறப்பு முகாம். அம்மாவைப் பார்க்க இலங்கைக்குப் போக அனுமதி கேட்டுக் காத்திருந்தவர், 2024 பிப்ரவரி 28ல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். ஊருக்குப் போனது உடல்தான்.

இனி நமக்கு வேலை எங்க இருக்குன்னு சொல்றேன். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 472வது பிரிவைப் படிங்க. கருணை மனு போட கைதிக்கு 30 நாள் கெடு. மாநில அரசின் கருத்தும் ஆவணங்களும் வந்ததிலிருந்து மத்திய அரசு பரிந்துரை செய்ய 60 நாள். மாநில அரசு கருத்து அனுப்ப எத்தனை நாள்? கெடு இல்லை. குடியரசுத் தலைவர் முடிவெடுக்க? கெடு இல்லை. கொட்டடிக்குள்ள வக்கீலைத் தேடி அலையுறவனுக்கு 30 நாள், ஃபைல் கையில இருக்கிறவங்களுக்கு காலமே கிடையாது. அதோட, அந்த முடிவை எப்படி எடுத்தாங்கன்னு எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாதுன்னும் எழுதி வெச்சிருக்காங்க. 2014ல் இத்தனை பேரைக் காப்பாத்தின கதவு அதுதான். அரசியல் சட்டம் கொடுத்த அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் பூட்ட முடியுமான்னு கோர்ட்ல கேட்க வேண்டியிருக்கு.

அடுத்த சனிக்கிழமை வழக்கறிஞர் அணித் தோழர்கள் வந்து இந்தப் பிரிவை வரி வரியா விளக்குறாங்க. தமிழ்ல எளிமையா ஒரு கார்டு டிசைன் பண்ணணும். டிசைன் தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க. தூக்கு வேணும்னு நினைக்கிற நண்பர் யாராவது இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட பேசத்தான் நமக்கு ஆசை.