வரவு தெரிகிறது, செலவு எங்கே?

சகோதரர்களே! வரவை எழுதிச் செலவை விட்டுவிட்டால் அது கணக்கா? வியாபாரிகள் சொல்லுங்கள். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். குடிநோயாளிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் ஆகும் செலவோ கல்லீரல் வார்டு, விபத்து வார்டு, மனநல வார்டு என்று சிதறிக் கிடக்கிறது. அதுவும் நம் வரிப்பணம்தான்!

நாள்தோறும் குடித்துப் பழகியவன் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல். உயிரே போகலாம். திருத்துகிறோம் என்று அறையில் பூட்டிவைக்கும் பெற்றோர் இதை அறிய வேண்டும். ஆஸ்பத்திரிதான் அதற்கு இடம்.

ஆனால் ஒரு வாரம் குளுக்கோஸும் பி1 ஊசியும் போட்டு அனுப்பிவிட்டால் முடிந்ததா? வெளியே அதே கடை, அதே கூட்டாளிகள். மறுபடி அதே படுக்கை, மறுபடி செலவு! வீடு திரும்பியபின் மாதக்கணக்கில் மாத்திரையும் ஆலோசனையும் தொடர்ந்தால், அந்தப் படுக்கை இன்னோர் ஏழைக்குக் கிடைக்கும். மது வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கச் சொல்லிக் கேட்போம். அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு பொதுச் சுகாதாரத்தையும் மதுவிலக்கையும் சேர்த்தே பேசுகிறது.

'எங்கள் மஹல்லாவில் குடிப்பவனே இல்லை' என்ற வீறாப்பு வேண்டாம். அப்படியொரு வீடு இருந்தால், வாலிபர்களே, ஊரெல்லாம் பேசாமல் இரண்டு பேர் துணைக்குப் போய், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்துவிட்டு வாருங்கள்.