எச்சில் இலையும் ஊர்ச் சட்டமும்

குப்பையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ஒரு ஊராரின் நாகரிகத்தை அளக்க வேண்டுமானால் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் எங்கே போகின்றது, யார் கையால் போகின்றது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்றால், "தலைமுறைப் பழக்கம், மாறாது" என்கிறார்கள். விருந்தில் வீணாவதைக் குறையுங்கள் என்றால், "நம் சம்பிரதாயம், கை வைக்கலாகாது" என்கிறார்கள். பழக்கம் என்ன ஆகாயத்திலிருந்து விழுந்ததா? மனிதன் உண்டாக்கியதை மனிதன் மாற்ற முடியாதா என்று கேட்கின்றோம்.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கும் சம்பிரதாயத்திற்குக் குறைவில்லை. சோற்றைச் சுற்றிப் பல சிறு கிண்ணங்களில் 'பஞ்சான்' என்னும் தொடுகறிகளை வைப்பதுதான் உபசாரம். தின்றது போக மிச்சம் குப்பைக்குப் போயிற்று. தலைநகரமான சியோலின் குப்பை 1978 முதல் 1993 வரை ஹான் நதிக்கரையில் நாஞ்ஜிடோ என்னுமிடத்தில் மலையாகவே குவிந்தது.

1995 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. குப்பை போடுகிறவர்கள் உள்ளூர் நிர்வாகம் விற்கும் பையை விலைக்கு வாங்கி அதில்தான் போட வேண்டும். அதிகம் போட்டால் அதிகச் செலவு; காகிதம், கண்ணாடி, தகரம் முதலியவற்றைத் தனியே பிரித்து வைத்தால் செலவில்லை. 2005-இல் உணவு மிச்சத்தை அப்படியே மண்ணில் புதைப்பது தடுக்கப்பட்டது. 2013-இல் உணவு மிச்சத்தின் அளவுக்குத் தக்க கட்டணம் நாடெங்கும் பரவிற்று. பல அடுக்கு வீடுகளில் குப்பைத் தொட்டியிலேயே தராசு இருக்கின்றது. வீட்டுக்காரர் தம் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். எடை அவர் கணக்கில் ஏறும்.

பிறகு என்ன நடந்தது? மிச்சத்தின் தண்ணீரைப் பிழிந்து போடுவதற்குச் சமையலறை பழகிக்கொண்டது. சேர்த்த மிச்சம் தீவனமாகவும் எருவாகவும் எரிவாயுவாகவும் ஆயிற்று. 1995-இல் மிக அற்பமாயிருந்த இந்த மறு உபயோகம் பிறகு 100-க்கு 90-க்கும் மேலாக உயர்ந்தது.

சரி, சம்பிரதாயம் செத்துப் போயிற்றா? இல்லை. எடை போட்டுக் காசு வாங்குவது நாடெங்கும் பரவிய அதே 2013-இல்தான், குடும்பங்கள் கூடிக் குளிர்காலத்திற்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் 'கிம்ஜாங்' வழக்கத்தை யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. போனது வீண் டம்பந்தானே ஒழிய ருசியல்ல.

நிற்க, நம் நாட்டிற்கு வருவோம். வாழை இலையில் சாப்பிடுவது நல்ல வழக்கம். கழுவ வேண்டியதில்லை, மாடு தின்னும், மீதி மண்ணோடு மண்ணாகும். ஆனால் அந்த இலையில் தின்ன முடியாத அளவுக்குப் பரிமாறுவதைக் கௌரவமென்றும், எச்சில் இலையை எடுப்பதை இழிவென்றும், அந்த இழிவு இன்ன ஜாதிக்கு உரியதென்றும் வைத்தார்களே, அதுவும் நல்ல வழக்கமா? மிச்சம் வைக்கிறவனுக்குச் செலவுமில்லை, நாற்றமுமில்லை. இரண்டும் வேறொருவன் தலையில் விழுகின்றன. அப்படியிருக்க அவன் எதற்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வான்?

தமிழ்நாட்டில் 1-1-2019 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பல தடுக்கப்பட்டன. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாளும், பூச்சுப் பூசிய தட்டும் டம்ளரும், கைப்பையும் அதில் அடங்கும். பல கடைகளில் இலையும் தூக்குப் பாத்திரமும் மறுபடி தலைகாட்டின. 2021 டிசம்பரில் சர்க்காரே 'மீண்டும் மஞ்சப்பை' என்று கிளம்பிற்று. ஆகவே சட்டம் சம்பிரதாயத்திற்கு எமன் என்பது பொய். நல்ல வழக்கத்தை மீட்டுத் தருவதும் சட்டந்தான்.

ஆனால் தடுத்த பையே இன்னும் சந்தையில் தொங்குகின்றதே, ஏன்? 2016-இல் இந்திய சர்க்கார் செய்த விதி, குப்பையை ஈரம், உலர்ந்தது, ஆபத்தானது என வீட்டிலேயே மூன்றாய்ப் பிரிக்கச் சொல்லிற்று. வீட்டுக்காரி பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் ஒன்றாய்க் கொட்டினால் மறுநாள் அவள் பிரிப்பாளா? பிரிக்காத குப்பையைக் கடைசியில் கையால் கிளறுவது யார்? அந்தத் துப்புரவுத் தொழிலாளிதானே!

எடைக்குக் காசு என்றால் ஏழைக்குக் கஷ்டமல்லவா என்பீர்கள். நியாயமான கேள்வி. கூழ் குடிக்கிறவன் வீட்டில் மிச்சம் ஏது? முதல் தராசைக் கல்யாண மண்டபத்து வாசலிலும் பெரிய ஓட்டல் கொல்லையிலும் வைக்கட்டும். அந்தக் காசில் தனித்தனி வண்டியும், தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும், தக்க கூலியும் கொடுக்கட்டும்.

ஆகவே தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டு விசேஷத்தில் வேண்டுகிற அளவுக்கு மட்டும் பரிமாறுங்கள். உண்ட இலையை உண்டவரே எடுத்துப் போடட்டும். ஒருவன் எச்சிலை இன்னொருவன் பிறவிக் கடமையாய்ச் சுமக்கிற வரையில் தெருவும் சுத்தமாகாது, மனிதனுக்கு மானமும் உண்டாகாது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.