‘கூலி’ என்ற சொல் கப்பலேறிய கதை



‘உலகம் சுற்றிய தமிழ்ச் சொல்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று மார்தட்டிக்கொள்ள எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. நான் அவற்றைத் தொடப் போவதில்லை. கொஞ்சம் கசக்கிற சொல் ஒன்றை எடுத்திருக்கிறேன். அந்தச் சொல் ‘கூலி’.

“எங்கள் பாட்டனார் ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாக வந்தார்” என்று சபையில் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்? “பாட்டனார் தோட்டத்தில் இருந்தார்” என்று சொல்லி மழுப்பிவிடுகிறோம். அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே தேடுவோம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குப் போகிறீர்கள். என்ன கேட்கிறீர்கள்? செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். தையற்கூலி என்கிறோம், வண்டிக்கூலி என்கிறோம். இங்கெல்லாம் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். வள்ளுவர் பெருமான் 619ஆம் குறளில் இந்தச் சொல்லை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார் தெரியுமா? ஊழ் கைவிட்டாலும், உடம்பு வருந்தி உழைத்த உழைப்பு அதற்குரிய கூலியைக் கொடுத்தே தீரும் என்கிறார். தெய்வத்துக்குப் பக்கத்திலே வைத்துப் பேசப்பட்ட சொல் ஐயா இது!

அந்தப் பணத்தை வாங்குகிற மனிதரைத் தமிழ் எப்படி அழைத்தது? கூலியாள் என்றது, கூலிக்காரர் என்றது. கூலி வேறு, ஆள் வேறு.

இந்த நிலையில்தான் போர்த்துகீசியர்கள் இந்தியக் கரைக்கு வந்தார்கள். பின்னாலேயே டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும். கூலியாள் என்பதில் ‘ஆள்’ உதிர்ந்துவிட்டது, ‘கூலி’ மட்டும் கப்பலேறிவிட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. குஜராத் பக்கத்தில் வாழும் ‘கோலி’ என்ற சமூகத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டையுமே எடுத்துப் பேசுகிறது. இரண்டு ஓடைகளும் ஒரே ஆற்றில் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு.

பிறகு என்ன ஆயிற்று? ஆங்கிலத்தில் கூலி, டச்சு மொழியில் கூலி, பிரெஞ்சில் கூலி, ஜெர்மன் மொழியில் கூலி. எழுத்துத்தான் வேறு, ஒலி ஒன்றே. ஸ்பானியர்கள் ‘குலி’ என்றார்கள். 1847 முதல் சீனர்களைக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனபோது அவர்கள் தலையிலும் அந்தப் பெயரையே கட்டினார்கள். சீனர்களோ அதே ஒலிக்கு இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து எழுதினார்கள். அவற்றின் பொருள் என்ன தெரியுமா? கசப்பு, வலிமை! பட்டவர்களுக்குத்தானே தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்களை ரியூனியனுக்கும் மார்டினிக்குக்கும் குவாடலூப்புக்கும் ஏற்றிப் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது. அங்கே கடை வைத்தவர் ‘கூலி வியாபாரி’ ஆனார். 1893இல் வழக்கறிஞராகப் போய் இறங்கிய காந்தியடிகளையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கவனியுங்கள், இப்போது அது பணத்தின் பெயரும் அல்ல, தொழிலின் பெயரும் அல்ல. ஓர் இனத்தையே இழிவுபடுத்தும் வசைச்சொல் ஆகிவிட்டது.

“கூலிக்கு வேலை செய்தால் இழிவு வரத்தானே செய்யும்?” என்று சிலர் நினைக்கலாம். அது உண்மையா என்று பார்க்க இன்னொரு சொல்லைச் சொல்கிறேன். ரோமானியர்களிடம் ‘சோலிடஸ்’ என்று ஒரு பொன் நாணயம் இருந்தது. அந்த நாணயத்தின் பெயரிலிருந்து, சம்பளத்துக்குப் போரிடுபவனுக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர் வந்தது. ஆங்கிலத்தில் சோல்ஜர், ஜெர்மன் மொழியில் சொல்டாட், போர்த்துகீசியத்தில் சொல்தாது. அந்தச் சொல்தாதுதான் மலாய்க்கு வந்து ‘செர்டாடு’ ஆனது. சோல்ஜர் என்றால் என்ன? கூலி வாங்குகிறவன்! கூலி என்றால் என்ன? அதே கூலி வாங்குகிறவன்! இருவருமே வாங்கும் பணத்தால் பெயர் பெற்றவர்கள்தான். ஒருவருக்குப் பதக்கம் கிடைத்தது, மற்றவருக்கு வசை கிடைத்தது. ஏன்?

காரணம் சொல்லில் இல்லை, சட்டத்தில் இருந்தது. கிள்ளானிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமத்திரா. அங்கே டச்சுக்காரர்கள் 1880இல் ‘கூலிச் சட்டம்’ என்றே பெயர் வைத்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேலையை விட்டு ஓடினால் குற்றம், தண்டனை உண்டு. இந்தப் பக்கம் நம் மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. நம் பெரியவர்கள் அதைச் ‘சஞ்சிக்கூலி’ என்பார்கள். இந்தியர்களுக்கு 1910இல்தான் அது முடிந்தது. பிறகும் கங்காணி முறை தொடர்ந்தது. பிடிக்காத வேலையை விட்டு எழுந்து போகிற உரிமை இல்லாதபோது, வாங்குகிற கூலி கூலியாக இருக்குமா? அது கழுத்துக் கயிறு அல்லவா!

இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் சந்தித்த இடம் நம் கிள்ளான். 1941ஆம் ஆண்டு. ஆர். எச். நாதன் போன்றவர்களின் வழிகாட்டுதலில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைக்குப் பூட்டு, பெண்களுக்குப் பாதுகாப்பு கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள்! முதலில் பணத்தைக் கேட்டார்கள், கூடவே மானத்தையும் கேட்டார்கள். கூலியையும் ஆளையும் திரும்ப ஒட்டவைக்கச் சொன்னார்கள். பதில் என்ன? மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் இராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சோலிடஸ் வாங்கியவன் கூலி வாங்கியவனைச் சுட்டான்.

இன்று ஜெர்மனியில் ரயில் நிலையத்தில் பெட்டி தள்ளும் வண்டிக்குப் பெயர் ‘கொஃபர்கூலி’, அதாவது பெட்டிக்கூலி! மனிதனைக் குறித்த சொல் கடைசியில் சக்கரம் வைத்த வண்டிக்குப் போய்விட்டது. மறுபுறம் மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி அதே சொல்லிலிருந்து 1992இல் ‘கூலிட்யூட்’ என்ற கருத்தை உருவாக்கினார். கப்பலேறியவர்களின் வலியும் வரலாறும் நம் பெருமையே என்றார். ரஜினிகாந்த் நடித்த படம் 2025இல் ‘கூலி’ என்ற பெயரோடு வந்தபோது யாரும் தலைகுனியவில்லை.

பெரியோர்களே, வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் இறங்கிவிட முடியாது. “படிக்காவிட்டால் கூலி வேலைக்குத்தான் போவாய்” என்று பிள்ளையை மிரட்டுவது யார்? நாம்தானே! பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளம் போட்டவரும் காப்பாரில் பால்மரம் வெட்டியவரும் அந்தப் பிள்ளையின் பாட்டன் பாட்டிதானே! அவர்கள் பிச்சை வாங்கவில்லை. உழைத்துக் கூலி வாங்கினார்கள்.

இன்னும் ஒன்று. இன்று நம் கட்டட வேலைகளிலும் உணவகங்களிலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களைப் “பங்ளா” என்று கைதட்டிக் கூப்பிடுகிறோம். அவருக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறதே, அதை என்றாவது கேட்டிருக்கிறோமா? நம்மை ‘கூலி’ என்று அழைத்தவன் செய்ததும் இதைத்தானே?

ஒரு சொல்லில் இருந்து மனிதனை எடுத்துவிட்டால் அது வசையாகிவிடுகிறது. மனிதனைத் திரும்ப வைத்தால் அது வள்ளுவர் சொன்ன கூலியாகிவிடுகிறது. வீட்டில் பிள்ளைகள் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: “உன் பாட்டன் கூலியாள். அவர் உழைத்த கூலியில்தான் நாம் நிற்கிறோம்.” அந்த ‘ஆள்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்.