எல்லைக்கோடும் எண்ணிக்கையும்



தேர்தல் என்றவுடன் வேட்பாளரும் சின்னமும் வாக்குச்சாவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்திற்கும் முன்னரே முடிந்துவிடும் செயலொன்றுண்டு. அதுவே தொகுதி எல்லை வகுத்தல்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். வாக்காளர் 25 பேர். ஐவர்க்கு ஒன்றாகத் தொகுதிகள் 5. ஒரு கட்சிக்கு 15 பேர், மற்றதற்கு 10 பேர். சிறிய கட்சியினரை மூன்று தொகுதிகளில் மும்மூவராக அமைத்துவிட்டால் அக்கட்சிக்கு 3 இடங்கள் கிட்டும். பெரிய கட்சிக்கோ இரண்டே. தொகுதிகளின் மக்கள்தொகை சமம். வாக்கின் வலிமை சமமன்று.

1812ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட பிரிவினையில் ஒரு தொகுதி, சாலமாண்டர் என்னும் பல்லியுருப் பிராணியைப் போல் வளைந்து கிடந்தது. அன்று முதல் இத்தகைய சூழ்ச்சிக்கு ‘ஜெரிமாண்டர்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

ஆயினும், வளைவைக் கண்டதும் வஞ்சனை என்று தீர்ப்பளித்தல் தகாது. ஆறும் மலையும் கடற்கரையும்கூட எல்லையை வளைக்கும். அப்படியானால் உண்மையை அறிவது எவ்வாறு? புள்ளியியலார் ஒரு வழி கண்டனர். கட்சிச் சார்பு எதனையும் கருதாமல், சம மக்கள்தொகை, நிலத் தொடர்ச்சி முதலிய விதிகளை மட்டும் கொண்டு, கணினியால் ஆயிரக்கணக்கான வரைபடங்களை வரைகின்றனர். முன்பு பதிவான வாக்குகளை ஒவ்வொன்றிலும் இட்டுப் பார்க்கின்றனர். வழக்கிலுள்ள வரைபடம் அக்கூட்டத்தோடு ஒத்திருக்கிறதா, விலகி நிற்கிறதா என்பது தெளிவாகின்றது.

வட கரோலினாவில் 2016ஆம் ஆண்டில் 13 இடங்களுள் 10 குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தன. வல்லுநர் ஒருவர் இம்முறையில் பெற்ற 3,000 வரைபடங்கள் ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓரிடமேனும் கூடுதலாகவே வந்தது. எனினும், கட்சி ஆதாயம் பற்றிய இவ்வழக்கு கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு உரியதன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு முந்திய ஆண்டே இத்தகைய சான்றை ஏற்று, அம்மாநில வரைபடத்தைத் தள்ளுபடி செய்திருந்தது.

நம் நாட்டில் 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி அமைந்த ஆணையங்களே எல்லைகளை வகுத்தன. 2002ஆம் ஆண்டுச் சட்டம், வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்று விதித்தது. ஆட்சேபம் கூறுவோர் கையில் எண்ணும் இருத்தல் நலம். வேற்று மாநிலத்தில் வாழும் நம்மை, மக்கள்தொகைக் கணக்கு வாழுமிடத்திலேயே சேர்க்கிறது. அடுத்தடுத்து வாழும் குடும்பங்களை ஒரு கோடு மூன்று தொகுதிகளாகச் சிதறடிக்குமாயின், எந்த வேட்பாளரும் அவர்களைத் தேடி வரவேண்டிய அவசியம் இராது. ஆதலின், வரைவு வெளியாகும்போது நம் தெரு எத்தொகுதியில் அமைகிறது என்பதை நாம் நேரிற் பார்த்தறிவோமாக.