சூடும் நினைவும்

பந்தி போடுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மூன்று மாதம் முன்பு நம் இயற்பியல் துறைக்குப் போயிருந்தேன். மூலையில் பன்னிரண்டு கணிப்பொறிகள் அடுக்கிக் கிடந்தன. 2013ல் நம் சங்கம் கொடுத்தவை. ஆய்வக உதவியாளர் சொன்னார்: "எல்லாம் மண்டையைப் போட்டுருச்சு சார். ஆன் பண்ணின கால்மணி நேரத்துல அதுவா அணைஞ்சிடுது. இல்லேன்னா ஆமை மாதிரி நகருது. அடுத்த வாரம் காயலான் கடைக்குப் போகுது."

"ஒண்ணே ஒண்ணைத் திறந்து பார்க்கட்டுமா அண்ணே?" என்றேன்.

திறந்தால், பிராசஸர் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மெத்தை தைக்கும் அளவுக்குத் தூசி! விசிறி சுற்றுகிறது; காற்று போக வழியில்லை.

1989ல் 486 வந்தபோது பெரும்பாலும் விசிறியே தேவைப்படவில்லை. இந்தப் பிராசஸரோ 55 வாட். நாம் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். சூடு மீறினால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். செத்துப்போகவில்லை, மயங்கி விழுந்திருக்கிறது.

விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதினேன். பிராசஸருக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்த பசை காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்று இடுக்குகளை நிரப்புவதுதான் அந்தப் பசையின் வேலை. சுரண்டித் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். நிறைய அப்பினால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். முதன்முதலில் நான் இதைச் செய்தபோது, தகட்டின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டேன்!

அடுத்தது நினைவகம். 2 ஜிபி ராம் என்பது சின்ன மேசை. மேசை நிறைந்தால் பாதிப் புத்தகத்தை அலமாரியில் வைத்து எடுத்து வைத்து எடுக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்தான் அந்த அலமாரி. ஆமை நடை அதனால்தான். 8 ஜிபி ஆக்கினோம். வாங்கும்போது வகை பார்த்து வாங்குங்கள். டிடிஆர் 3க்கு 240 தொடுமுனை, டிடிஆர் 4க்கு 288. வெட்டும் இடம் மாறியிருக்கும், ஒன்று மற்றதில் நுழையாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டுத்தான் ராமைத் தொட வேண்டும்.

ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் 2024ல் மறைந்தார். ஒரே டிரான்சிஸ்டரில் ஒரு பிட்டை வைக்கும் நினைவகத்துக்கு 1968ல் காப்புரிமை பெற்றவர். டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்னழுத்தமும் குறையும், ஆகவே சூடு கூடாது என்று 1974ல் கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவரே. முப்பது ஆண்டு பலித்த அந்தக் கணக்கு, 2005 வாக்கில் நின்றுபோனது. அதன்பின் பிராசஸர் வேகம் முன்போல் தாவவில்லை. அதனால்தான் 2013ல் வாங்கிய இயந்திரம் இன்றும் ஆய்வக வேலைக்குப் போதும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டதால் லினக்ஸ் போட்டுக் கொடுத்தோம்.

பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன. மூன்றில் மதர்போர்டே போய்விட்டது. அவற்றின் ராமை மற்றவற்றுக்கு எடுத்துக்கொண்டோம்.

நண்பர்களே, இன்று புதுக் கணிப்பொறிகள் வாங்கித் தரத் தீர்மானம் வரவிருக்கிறது. நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2013ல் கொடுத்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், அதன்பிறகு யார் எட்டிப் பார்த்தோம்? நான் உட்பட ஒருவரும் இல்லை. பிள்ளைகள் இரண்டு வருஷம் ஒரே கணிப்பொறியில் நாலு பேராக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

ஆகவே தீர்மானத்தோடு ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன்: வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மில் இரண்டு பேர், கையில் ஒரு பிரஷ், ஒரு ஸ்க்ரூ டிரைவர். முதல் பேராக என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.