கை வேலை செய்யட்டும், காது கதை கேட்கட்டும்!

தலைப்பு: இன்றைய இலக்கியம் மக்களைச் சென்று சேர்வது பெரிதும் படிப்பதாலா? கேட்பதாலா?
அணி: கேட்பதாலேயே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கனத்த புத்தகங்களை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு எங்களைப் பயமுறுத்துகிற எதிரணி நண்பர்களே! பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு உலகத்தின் காலுக்கெல்லாம் ஷூ தைத்துக் கொடுக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பெருமக்களே!

எதிரணித் தலைவி அம்மா பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாங்க. 'காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறதெல்லாம் ஒரு வாசிப்பா? அது சோம்பேறிகளோட இலக்கியம்'னாங்க. நடுவர் அவர்களே, அம்மாவும் பேராசிரியர், நானும் பேராசிரியர். மூணரை மணிக்கு வகுப்பு முடிஞ்சா வீட்டுக்கு வந்து, சாய்வு நாற்காலியில சாஞ்சு, காபியைக் குடிச்சுக்கிட்டே படிக்கிற ஜாதி நாங்க. (சிரிப்பு) இந்த மண்டபத்துல நாலாவது வரிசையில இருக்கிற பெண்களைப் பாருங்கம்மா! இருட்டோட எழுந்து, சோறு கட்டி, கம்பெனி பஸ் பிடிச்சு, பகல் முழுக்க மிஷின் முன்னாடி குனிஞ்சு அப்பர் தைக்கிறாங்க. கறுப்புத் தோல்மேல கறுப்பு நூல்! சாயங்காலம் வீட்டுக்கு வந்த அந்தக் கண்ணைப் பார்த்து, 'பொடி எழுத்துல அறுநூறு பக்கம் படி, இல்லேன்னா நீ சோம்பேறி'ன்னு சொன்னா, அது நியாயமா அம்மா? (கைதட்டல்)

கேட்பது புதிதா? இந்த வட ஆற்காட்டு மண்ணுக்கா புதிது? திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா வந்தால், பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவி, துரியோதனன் படுகளத்தில் விழுகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைச்சுக்கிறா. அந்தக் கிழவி பாரதம் 'படிக்கவில்லை' என்று யார் சொல்வது? இதே ஊரில் உருது முஷாயிராவில் கவிஞர் ஓர் அடி சொல்லி நிறுத்துவார்; 'வாஹ் வாஹ்' என்று கூட்டம் எழும். அதுவும் காது செய்த வேலைதானே?

வெளியூருக்கும் போய்ப் பார்ப்போம். கியூபா நாட்டிலே சுருட்டுத் தொழிற்சாலை. வரிசையா உட்கார்ந்து புகையிலை சுருட்டுகிறார்கள். நடுவில் ஒரு மேடை, அதில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாய் நாவல் படிக்கிறார். 1865-இலேயே இது தொடங்கிவிட்டது. படித்தவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல ஐயா, தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து போட்ட காசு! மாண்டி கிறிஸ்டோ என்று ஒரு சுருட்டே இருக்கிறது, அவர்கள் ரசித்துக் கேட்ட நாவலின் பெயர் அது. பக்கத்துக் கேரளத்துக்கு வாங்க. 1969-இல் கண்ணூரில் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. அங்கேயும் ஒருத்தர் பத்திரிகையும் நாவலும் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிக்கிறவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற நம்ம பெண்களுக்குக் கை ரெண்டும் வேலையில இருக்கு, காது மட்டும் சும்மா இருக்கு. அந்தக் காதுக்கு நாம இதுவரைக்கும் என்ன கொடுத்தோம்? தொலைக்காட்சித் தொடரில் மாமியார் அழுவதைக் கொடுத்தோம்! (சிரிப்பு. பலத்த கைதட்டல்)

எதை நடுவர் அவர்களே கேட்பது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் டி. செல்வராஜ் எழுதிய 'தோல்'. 2012-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல் டேனரிகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற மனிதர்கள் சங்கம் கட்டி நிமிர்ந்த கதை. டில்லியில் பரிசு கொடுத்தாச்சு, பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதியாச்சு. சுண்ணாம்பிலே கை வெந்த ஆம்பூர்க்காரர் எத்தனை பேர் காதுக்கு அது வந்திருக்கிறது? தடித்த புத்தகம், விலை கொடுத்து வாங்கினாலும் முடிக்க நாளாகும். யாருடைய கதையோ அவர்களுக்கே எட்டாத இலக்கியத்தை அலமாரியில் வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்? எனக்கு இந்தத் தலைப்பே இந்த ஒரு கேள்விதான் ஐயா.

அடுத்தது நம்ம பேரணாம்பட்டுக்காரர் அழகிய பெரியவன். 'தகப்பன் கொடி' கேளுங்க. இந்த மண்ணின் பேச்சு, இந்த மண்ணின் வெயில்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தன் வாழ்க்கையைத் தன் தெருவின் பேச்சிலேயே எழுதினார். பட்டம் பெற்ற நம்ம மாணவர்களே அந்தப் பேச்சு வழக்கைக் கண்ணால் படிக்கும்போது முதல் பத்துப் பக்கம் தடுமாறுவார்கள். காதால் கேட்டால் தடுமாற்றமே இல்லை, ஏன்னா அது எழுத்தாகு முன்னே பேச்சாக இருந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அப்படித்தான். ஊரார் துணி வெளுத்து, அந்த ஊராரிடமே சோறு எடுத்து வாழ்கிற ஆரோக்கியத்தின் புலம்பலை அச்சில் பார்த்தால் பத்தி, காதில் கேட்டால் ஒப்பாரி. அவருடைய 'செல்லாத பணம்' இன்னும் கடுமை. தீக்காயப் பிரிவில் மகள் கிடக்கிறாள், வெளியே பெற்றவர்கள். நாவல் முழுக்கப் பேச்சுதான். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு அது புரியும். தனியாக இருக்கும்போது மட்டும் கேட்காதீங்க.

கே.ஏ. குணசேகரன் பெரிய நாட்டுப்புறப் பாடகர், 2016-இல் மறைந்தார். அவர் தன்வரலாறு 'வடு'. சாதி தந்த காயம் அத்தனையும் சொல்கிறவர், இளையான்குடி இசுலாமியர் தன்னைச் சமமாக நடத்தியதையும் சொல்கிறார். இந்த ஊரில் அதை உரக்கப் படிக்க வேண்டும்.

வாணியம்பாடிச் சகோதரிகளுக்கு ஒன்று: சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட பெண், ஒளித்து ஒளித்து எழுதினார். 2025-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினர்! அந்த நாவலில் பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிற பேச்சு இருக்கிறது. ஹாலில் எல்லார் முன்னாலும் புத்தகத்தை விரித்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். காதில் மாட்டிக்கொண்டால் என்ன கேட்கிறாள் என்று மாமியாருக்குத் தெரியுமா? (சிரிப்பு)

எதிரணித் தம்பி, 'எழுத்தாளனுக்கும் எனக்கும் நடுவே இன்னொருத்தர் குரல் எதுக்கு?' என்று கேட்டார். நல்ல கேள்வி தம்பி. ஒவ்வொரு வரிக்கும் வீணை வாசித்து, அழுகைக்கு ஒரு புல்லாங்குழல் போட்டு, நாவலை நாடகமாக்கிக் கெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாம்பே கண்ணன் 'பொன்னியின் செல்வ'னைப் பல குரல்களோடு ஒலி நூலாக்கினார், கல்கிக்கு அது பொருந்தும். பாமாவுக்குப் பொருந்தாது. ஒரே குரல், அதுவும் அந்த வட்டாரத்துக் குரல் வேண்டும். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' மாதிரி நாவலைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும், அது கண்ணுக்குத்தான். கொடுத்துட்டேன் தம்பி! (சிரிப்பு)

கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால் ஆளுக்கொரு குரலில் வந்துவிட்டது. இருக்கிற எழுத்தாளர் என்றால் உரிமை வாங்கணும், படிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கணும். ஸ்டோரிடெல் போன்ற செயலிகள் சந்தா கேட்பது அதற்குத்தான். கிடைக்கிறதை அதில் கேளுங்க. ஒலி நூலாகக் கிடைக்காததற்கு என் யோசனை: வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் இருக்கிறாளே, நூலகத்தில் எடுத்து வந்து ராத்திரி அரை மணி அவள் படிக்கட்டும். அம்மா பீடி சுற்றட்டும், பாட்டி கேட்கட்டும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் உச்சரிப்பும் வரும், 'ழ'கரம் இலவசம்!

ஒன்றே ஒன்று தாய்மார்களே. மிஷின்ல உட்கார்ந்திருக்கும்போது மாட்டாதீங்க. கதை ருசியில் ஊசி விரல்ல ஏறிடும். பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து கேளுங்க. ஒரு காதில் மட்டும் மாட்டுங்க. இன்னொரு காது, இறங்குற ஊர் பேரைக் கண்டக்டர் சொல்வதற்கு.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். நாளைக் காலை பஸ்ஸில் 'கருக்கு'! (நீண்ட கைதட்டல்)